ஈரக் கட்டு

வியாழக்கிழமை வந்தால் யாகப்பம்மாளுக்குச் சாந்துச் சட்டி தூக்குகிற வேலை கிடையாது. அன்றைக்குக் காலையில் அவளும் இன்னொரு சித்தாள் பிச்சையம்மாளும் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறி, கயிற்றுக் கட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ஊற்ற வேண்டும். மண்டபத்துக்கு மேற்கே, ரயில் பாதையை ஒட்டி, ஐம்பதடி உயரத்தில் ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி எழும்பிக்கொண்டிருந்த ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. எட்டுத் தூணையும் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பு கொடுத்து, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, மேலே பலகை பரப்பியிருந்தார்கள். கொத்தனும் சித்தாளும் நின்று வேலை பார்ப்பது அந்தச் சாரத்தில்தான். ஒரு கட்டுகூட நனையாமல் இருக்கக் கூடாது என்பது மேஸ்திரி கூத்தையாவின் உத்தரவு.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தங்கச்சிமடத்துக் கடற்கரையில் பிறந்தவளுக்கு நனைந்த கயிறுதான் கயிறு. அவளைக் கட்டிய சிலுவைமுத்துவுக்கும் அதே புத்திதான். ஐம்பத்தைந்து புயலில் வள்ளம் நொறுங்கி, துடுப்புகூட மிஞ்சாமல் கரையேறியவர். மண்டபத்தில் லாரியில் கம்பு ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் போட்ட முடிச்சைக் கூத்தையா பார்த்துவிட்டு, "ஏப்பா, சாரம் கட்ட வாறியா?" என்று கூட்டி வந்தார். சிலுவைமுத்து கடலில் செய்ததையே கரையிலும் செய்தார். பீப்பாயில் உப்புத் தண்ணீர் நிரப்பிக் கயிற்றை ஊறப் போட்டு, சொட்டச் சொட்ட எடுத்து, கம்பில் காலைக் கொடுத்து உதைத்து இறுக்குவார். மூன்று வருஷத்தில் அவர் கட்டிய சாரத்திலிருந்து ஒருத்தனும் விழுந்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. யாகப்பம்மாளுக்கும்தான்.

ஒன்பது மணி ரயிலில் இன்ஸ்பெக்டர் பாக்கர் வந்து இறங்குவார். கட்டட வேலை நடக்கிற இடங்களில் ஆள் விழாமல், பலகை சரியாமல் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர். கீழக்கரைக்காரர். தலைமுறை தலைமுறையாக மரக்கலம் ஓட்டிய குடும்பத்தில் இவருக்கு மட்டும் தோணியில் கால் வைத்தாலே குமட்டும். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள் அல்ல, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிஸ்மி சொல்லி ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டாகப் பிடித்து மூன்று தரம் உலுக்குவார். அசையாத கட்டுக்கு டப்பாவிலிருந்து சுண்ணாம்பு தொட்டு ஒரு பொட்டு. பொட்டு இல்லாத இடத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். பொட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள். பன்னிரண்டரை ரயிலில் அவர் ராமநாதபுரம் திரும்பிவிடுவார். மத்தியானத்துக்கு மேல் அந்தச் சாரம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று காலையிலிருந்தே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. யாகப்பம்மாள் சும்மாட்டுத் துணியை மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். மூன்று மணி சுமாருக்கு எடுக்கப் போனாள். நாலாவது அடுக்கில் கால் வைத்ததும் பலகை லேசாக நழுவியது. பதறிப்போய்ப் பக்கத்துக் கட்டைப் பிடித்தாள். அவள் சுட்டுவிரல் கயிற்றுக்கும் கம்புக்கும் நடுவே இரண்டு கணு வரைக்கும் உள்ளே போனது.

மாதாவே! காலையில் அவளே தண்ணீர் ஊற்றிய கட்டு. சுண்ணாம்புப் பொட்டு அதன்மேல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த கட்டைத் தொட்டாள். அதுவும் அப்படியே. பத்துக் கட்டுப் பார்த்ததில் பத்தும் தொளதொளத்துக் கிடந்தன. உடம்பெல்லாம் வியர்த்து, ஏணியில் ஒவ்வொரு படியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். சும்மாட்டுத் துணியை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் தோணித்துறைப் பக்கம் வீட்டுக்கு நடந்து போகும்போது புருஷனிடம் சொன்னாள்.

"இந்தா பாருங்க, நீங்க கட்டின கட்டுல என் விரலு உள்ள போகுது."

"எந்தக் கட்டுல?"

"தெக்குத் தூணுல. ஒண்ணு ரெண்டு இல்ல, தொட்ட கட்டு பூராம்."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு புள்ள. இருவது வருசம் கடல்ல கெடந்தவன் நான். சுறா இழுத்தும் என் முடிச்சு நழுவுனது கெடையாது."

"கடல்ல கயிறு என்னைக்குங்க காஞ்சிச்சு?"

சிலுவைமுத்துவின் கால் அப்படியே நின்றுவிட்டது. நார்க் கயிறு நனைந்தால் உப்பி, சுருங்கி, இறுகும். காய்ந்தால் மெலிந்து தொய்ந்துவிடும். வள்ளத்தில் அது காய்ந்த பாடே கிடையாது, அதனால் இருபது வருஷமும் அவருக்கு இது தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. கரையிலும் இதுவரை கட்டியது நாலைந்து பேர் நிற்கிற சின்னச் சாரங்கள்தான். இங்கே வெயிலும் கச்சானும் நாலு மணி நேரத்தில் கயிற்றை உலர்த்திவிடுகின்றன. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே யாகப்பம்மாள் தெரிந்துகொண்டாள். ஆனால் வாய் ஒப்புக்கொள்ள வேண்டுமே! "பேசாம வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

மறுநாள் அவள் கூத்தையாவிடமே போனாள். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள் அவர், வெற்றிலை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை மென்றுகொண்டே கேட்டார். பிறகு சிரித்தார்.

"தண்ணி எதுக்கு ஊத்தச் சொன்னேன்னு நெனச்ச? கயிறு தாகத்துக்கா? அந்த மனுசன் உலுக்கும்போது அசையக் கூடாது ஆத்தா. அம்புட்டுத்தான்."

பதினோரு வியாழக்கிழமை! நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இடுப்பு நோக நோக அவள் சுமந்து ஊற்றியது இதற்குத்தானா?

"அப்ப மூணு மணிக்கு மேல?"

"மூணு மணிக்கு மேல நாலு கொத்தன் நிப்பான். தாங்கும்."

"வாற வியாழக்கெழம தொட்டிக்கு அடியில கான்கிரீட் தளம் போடணும்னீகளே. நாப்பது பேரு மேல நிப்பாகளே."

கூத்தையா எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "எல்லாத்தையும் அவுத்துக் கட்ட ஒரு வாரம் ஆகும். காண்ட்ராக்டர் என்னைய உரிச்சுப்புடுவாரு. நீ வேணா இன்ஸ்பெக்டர்ட்டச் சொல்லு, வேணாம்னு நான் சொல்லல. கட்டுனது யாருன்னு மொதல்ல கேப்பாக. கூத்தையான்னா சொல்லுவ? ஒன் புருசனைத்தான் போலீசுல பிடிச்சுக் குடுப்பாக."

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார் பாவி. ஆறு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் புருஷன், சொல்லாவிட்டால் நாற்பது பேர், அந்த நாற்பதிலும் புருஷன் உண்டு. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, "நான் ஊத்தல" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கூத்தையா அலட்டிக்கொள்ளவில்லை. பிச்சையம்மாளோடு வேறு இரண்டு பேரை ஏற்றிவிட்டார். ஒன்பது மணிக்குக் கயிறெல்லாம் கருத்து, நனைந்து, இரும்பு மாதிரி இருந்தது. பாக்கர் ஏறினார், உலுக்கினார், பொட்டு வைத்தார். கீழே ஜல்லியும் சிமெண்டும் குவிந்து கிடந்தன. நாற்பது பேரும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு ஏறத் தயாராக நின்றார்கள். சிலுவைமுத்து ஏற்கெனவே மூன்றாவது அடுக்கில் இருந்தார். பாக்கர் ஏணியிலிருந்து கால் எடுத்து மண்ணில் வைத்ததும் யாகப்பம்மாள் எதிரே போய் நின்றாள்.

"அய்யா, இன்னைக்கு ரயிலை விட்டுருங்க. மூணு மணிக்கு ஒருக்கா ஏறிப் பாருங்க."

"ஏம்மா?"

"ஈரம் காஞ்சா கட்டு நிக்காதுங்கய்யா. நீங்க வாறதுக்கு முன்னால நாங்கதான் தண்ணி ஊத்துறோம்."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூத்தையா, "வீட்டுல புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டை அய்யா, அத இங்கன கொண்டாந்துட்டா" என்று சிரித்தார். பாக்கர் சிரிக்கவில்லை. தம் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு அண்ணாந்து கேட்டார்.

"ஏம்ப்பா சிலுவைமுத்து, கட்டுனது நீதான? ஒம் பொஞ்சாதி சொல்றது நெசமா?"

ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும், அன்றைக்கு யாரும் ஏற மாட்டார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கடல்காரன் தன் முடிச்சு சரியில்லை என்று சொல்ல வேண்டும். யாகப்பம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டு நல்ல கட்டு அய்யா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அட பாவி மனுஷா! பாக்கர் சாரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். நாம் கையால் உலுக்கிப் பார்த்தோமே என்று தோன்றியிருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தளம் போடத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. சட்டி கை மாறி, அடுக்கடுக்காக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. "நான் ஏற மாட்டேன்" என்று யாகப்பம்மாள் கீழே நின்று கலவையை அள்ளிப் போட்டாள். ஒரு மணிக்கு மேல் கச்சான் வலுத்தது. கயிற்றின் கருப்பு வெளுத்துக்கொண்டு வருவது கீழேயிருந்து பார்த்தாலே தெரிந்தது. எப்போது, எந்த மூலையில் என்று அவள் கண் அலைந்தது. அப்போதுதான் சட்டி வாங்குகிற வரிசையில் புருஷன் இல்லாததைக் கவனித்தாள்.

தெற்குத் தூண் பக்கம், கம்பைக் காலால் பின்னிக்கொண்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு தகரத்தில் எடுத்துக் கட்டின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை முடித்து அடுத்ததற்கு நகர்ந்தார். தகரம் காலியானதும் குனிந்து அவளைத் தேடினார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"தண்ணி கொண்டா புள்ள" என்றார்.

திட்ட நேரம் ஏது? முந்தானையைச் செருகிக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். கிணற்றுக்கும் ஏணிக்குமாக ஓடினாள். ஏற மாட்டேன் என்றவள் எத்தனை தரம் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மேல் அடுக்கை நனைத்து முடிப்பதற்குள் கீழ் அடுக்கு காய்ந்துவிடும். மறுபடி கீழே வருவார்கள். இவர்கள் ஏன் பேய் பிடித்த மாதிரி அலைகிறார்கள் என்று வேலையாட்கள் கேலி செய்தார்கள். நாலு மணிக்கு ஒரு பலகை சரிந்து, ஒரு கொத்தன் அரை நிமிஷம் கம்பில் தொங்கிக் காலூன்றினான். அதற்கும் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அஞ்சு மணிக்குக் கிணற்றில் சேறு வந்துவிட்டது. சேற்றையே அள்ளிக் கொடுத்தாள். ஆறு மணிக்குச் சற்று முன்னால் கடைசிச் சட்டி கொட்டி, நாற்பது பேரும் இறங்கினார்கள். எல்லாருக்கும் பின்னால் சிலுவைமுத்து இறங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

கூத்தையாவுக்கு இளக்காரத்துக்குக் கேட்க வேண்டுமா? "விழும் விழும்னாளே, எங்கனப்பா விழுந்துச்சு? திங்கக்கெழம தொட்டிச் சுவரு. இதே சாரந்தான், இதே ஆளுகதான்."

அப்போதுதான் சிலுவைமுத்து வாயைத் திறந்தார். "நான் கட்டுனது தப்பு. திங்கக்கெழம எவனும் ஏறாதீக."

காலையில் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். இப்போது வந்து என்ன? ஒருத்தனும் நம்பவில்லை. "நாப்பது பேரு நின்ன சாரத்தப் போயித் தப்புங்கிறியே, பொஞ்சாதி மருந்து வச்சுட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பகல் முழுக்க இவர்கள் இரண்டு பேரும் ஓடி ஓடித் தாங்கிப் பிடித்ததே இவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பிச்சையம்மாள்கூட, "விடு யாகப்பா, ஒண்ணும் ஆகலேல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்று மணிக்கு எல்லாரும் சிமெண்டுக் கொட்டகை நிழலில் சாய்ந்திருந்தார்கள். சிலுவைமுத்து தனியாகப் போய், தெற்கு மூலைக் கம்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டினார். தளத்தைத் தாங்குகிற உள் முட்டுகள் தனி, அவற்றைத் தொடவில்லை. நடந்து நடந்து தூரமாக வந்து, "எல்லாரும் இங்கன பாருங்க!" என்று கத்தினார். கிழிந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். முதல் இழுப்பில் ஒன்றும் ஆகவில்லை. கூத்தையா எழுந்து ஓடி வருவதற்குள் இரண்டாவது தரம் இழுத்தார். நாலாவது அடுக்குக் குறுக்குக் கம்பு கட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, பலகையும் கம்புமாக, தெற்குப் பக்கம் முழுக்கச் சடசடவென்று சரிந்து மண்ணில் விழுந்தது.

ஒரே ஒரு ஆள் இழுத்தது அது. புழுதி அடங்க வெகு நேரமாயிற்று. பிச்சையம்மாள் மண்ணில் உட்கார்ந்து, "யாத்தே, நான் அந்த மூலைலதான நின்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போலீசு, போலீசு என்று கூத்தையா கத்திக்கொண்டிருந்தார். யாரும் அவர் பேச்சைக் கேட்டுச் சிலுவைமுத்து மேல் கை வைக்க முன்வரவில்லை.

தந்தி போய், சனிக்கிழமை காலை ரயிலில் பாக்கர் வந்தார். சரிந்து கிடந்த குவியலுக்குள் நுழைந்து, ஒவ்வொரு கட்டாகக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் வைத்த பொட்டு இருந்தது. பிறகு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"எத்தன வியாழக்கெழமம்மா?"

"பன்னெண்டுங்கய்யா. கடைசிக்கு நான் ஊத்தல."

"அல்லா காப்பாத்துனான். நீ சொல்லியும் நான் நிக்காமப் போனேனே."

சிலுவைமுத்து கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கட்டுனதும் நான், ஒங்கள்ட்டப் பொய் சொன்னதும் நான். எழுதிக்கங்க அய்யா. ஒண்ணே ஒண்ணு. சித்திரைல பத்து நாளு, ராமநாதபுரத்துக்கு அங்கிட்டு, சிக்கல் கிராமத்துக்கு அனுப்புனாக. அங்கன பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் இதே மாதிரி ஊறப்போட்டுத்தான் கட்டிருக்கேன். அடுத்த மாசந்தான் தளமாம். அதுக்குள்ள போயி அவுத்துக் கட்டிட்டு வந்துறேன். அப்புறம் எங்கன வேணாலும் கொண்டு போங்க."

பாக்கர் மெதுவாக எழுந்தார்.

"அடுத்த மாசம் யாரு சொன்னா? நேத்துக் காலைலதான் அங்கன போயிப் பொட்டு வச்சுட்டு வந்தேன். அங்கனயும் கயிறு ஈரமாத்தான் இருந்துச்சு. இன்னைக்குத் தளம் போடுறாக."

கூத்தையா தரையைப் பார்த்தார். சிக்கலிலும் வேலை அதே காண்ட்ராக்டருடையதுதான்.

மணி பதினொன்றரை. சிக்கலில் தந்தி ஆபீசு கிடையாது. பஸ்ஸில் போனால் ராமநாதபுரத்தில் மாற வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். யாகப்பம்மாள் யாரையும் கேட்கவில்லை. சிமெண்டு இறக்கிவிட்டுப் புறப்பட்ட லாரிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கெட்ட வார்த்தையில் வைதான். அவள் நகரவில்லை. பாக்கர் முன்னால் ஏறினார், புருஷனும் பெண்சாதியும் பின்னால் ஏறினார்கள். கூத்தையா தடுக்கவில்லை.

உச்சிப்புளியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ராமநாதபுரம் தாண்டி ஒரு சக்கரம் வெடித்தது. டிரைவரோடு சேர்ந்து சிலுவைமுத்து கிழிந்த கையோடு சக்கரத்தைக் கழற்றி மாட்டினார். பாக்கர் வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பதும் ஓதுவதுமாக இருந்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது மணி இரண்டேகால். எதிர்க்காற்றில் மண் வந்து முகத்தில் அடித்தது. "மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று யாகப்பம்மாள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிலுவைமுத்து அவள் கையைப் பிடித்திருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிப் பிடித்ததில்லை.

சிக்கல் கண்மாய்க் கரையில் லாரி ஏறும்போது மணி மூன்றே முக்கால். மிளகாய்த் தோட்டத்தில் வேலையைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் ஓடினார்கள். பள்ளிக்கூடம் எங்கே என்று யாரையும் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கவில்லை.